சத்தம் போடாத கபடி

விசில் அடித்தது. ஷெரின் நடுக்கோட்டைத் தாண்டி நான்கு அடிகூட வைத்திருக்கமாட்டாள். எதிர்ப்பக்கம் ஒருத்தியும் அவளைத் தொடவில்லை. இவளும் யாரையும் தொடவில்லை. ஆனால் நடுவர் அவளைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். எதிரணிக்கு ஒரு புள்ளி என்றும் காட்டினார்.

கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூட மைதானம். மே மாதம், காலை பத்து மணிக்கே தரை சுட்டது. இருபது நாள் கோடைப் பயிற்சி முகாமின் கடைசி நாள் அது. அன்றைய ஆட்டத்தைப் பார்த்துத்தான் மாவட்டப் பெண்கள் கபடி அணிக்குப் பன்னிரண்டு பேரை எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். என் மகள் ஷெரினுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளி நாட்களில் முகத்தில் தண்ணீர் தெளித்தாலும் எழுந்திருக்காதவள், அந்த இருபது நாளும் ஐந்து மணிக்குத் தானாக எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பட்டியலில் தன் பெயர் வரவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே அவளுக்கு இல்லை.

"எதுக்கு சார் பாயிண்ட்டு?" என்று நான் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"பாட்டு இல்லம்மா. கபடி கபடின்னு பாடாம போனா ரெய்டே கிடையாது" என்றார் நடுவர்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பினார்கள். மறுபடியும் விசில். இந்தமுறை நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசைகிறது. வேகமாகவே அசைகிறது. சத்தம்தான் வரவில்லை.

பயிற்சியாளருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "முகாம்ல நூறு வாட்டி சொன்னேன், சத்தமா பாடு, சத்தமா பாடுன்னு. இன்னொரு தரம் இப்பிடி ஆச்சின்னா உன்ன வெளிய உக்கார வெச்சிடுவேன்" என்றவர், என் பக்கம் திரும்பி, "என்னாம்மா, வீட்ல வாயே தெறக்கமாட்டாளா?" என்றார்.

"நல்லா வாயாடுவா சார்" என்றேன்.

அது உண்மை. ஆனால் விளையாடும்போது அவளுக்கு ஏன் குரல் வராது என்பதும் எனக்குத் தெரியும். அது எங்கள் கைங்கரியம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான்கு வருடம் பின்னால் போக வேண்டும்.

எட்டு வீடு, ஒரு முற்றம்

சென்ற வாரம் இதே பகுதியில் கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதும், "உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லையே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். என்ன எழுதுவது? எங்களுக்குக் கல்யாணமான முதல் பத்து வருடத்தில் நான் அவரை விழித்த நிலையில் பார்த்ததைவிடத் தூங்கும் நிலையில் பார்த்ததுதான் அதிகம்.

இவர் ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். இரும்புத் தகட்டை வைத்து அழுத்தி உருவம் எடுக்கிற இயந்திரம். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் நைட். நைட் ஷிப்ட் முடித்துக் காலை எட்டு மணிக்கு வந்தால் மதியம் மூன்றுவரை தூங்கியாக வேண்டும். தூக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை இவருடைய லைனிலேயே பார்த்திருக்கிறோம். பக்கத்து இயந்திரத்துக்காரர் ஒரு கணம் கண் செருகினார். இரண்டு விரல் போயிற்று. அவரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு இவருடைய தூக்கம் சாமி சமாச்சாரம் ஆகிவிட்டது.

நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடு, எதிரே ஒரே முற்றம், ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி, ஒரு முருங்கை மரம். எங்கள் வீட்டில் தமிழ், பக்கத்து மஞ்சுளா அக்கா வீட்டில் கன்னடம், கடைசி இரண்டு வீட்டில் தெலுங்கு. எல்லா வீட்டு ஆண்களும் ஏதோ ஒரு கம்பெனி. எந்த நாளை எடுத்தாலும் எட்டில் இரண்டு வீட்டிலாவது பட்டப்பகலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

பள்ளி நடக்கும்போது இதில் சிக்கல் இல்லை. ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடியும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முற்றத்தில் பதினோரு பிள்ளைகள்.

பாரூர் பஸ்

பாரூரில் என் அக்கா இருக்கிறாள். ஏரி உண்டு, கால்வாய் உண்டு, கடிக்கக் கரும்பு உண்டு. விடுமுறைக்குப் பிள்ளையை அனுப்ப அதைவிட நல்ல இடம் கிடையாது என்று பெரியவர்கள் எல்லாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். ஷெரினை ஒரு வருடம் அனுப்பியும் வைத்தேன். மூன்றாவது நாளே போனில் அழுகை. அங்கே கால்வாயில் குளிக்கலாம், சரி. ஆனால் அவளுடைய கூட்டாளிகள் எல்லாம் இங்கே முருங்கை மரத்தடியில் அல்லவா இருந்தார்கள்!

மறு வருடம், அவளுக்கு ஒன்பது வயது, நான் ஓர் ஒப்பந்தம் போட்டேன்.

"இங்கியே இருந்துக்கோ. ஆனா உங்கப்பா நைட் ஷிப்ட் வாரத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, உங்க சத்தத்துல முழிச்சாரு, அன்னிக்கு சாயங்காலமே பாரூர் பஸ்."

"ஒரு தடவ கூடவா?"

"ஒரு தடவ கூட."

அவள் விடவில்லை. "அப்பா காதுல பஞ்சு வெச்சிக்கக்கூடாதா?"

நியாயமான கேள்வி. கம்பெனியில் காதடைப்பான் கொடுப்பார்கள், ஆரஞ்சு நிறத்தில், பஞ்சு மிட்டாய்த் துண்டு மாதிரி இருக்கும். இவர் ஒருமுறை அதை மாட்டிக்கொண்டு தூங்கிப் பார்த்தார். அலாரம் கேட்கவில்லை. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, நான்கு நாள் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதோடு அந்தச் சோதனை முடிந்தது.

என்னதான் பண்ணுதுங்க?

எனக்கு வால்வு செய்யும் கம்பெனியில் தர ஆய்வு வேலை. காலை ஷிப்ட். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அளந்து பார்க்காமல் கீழே வைக்கமாட்டேன். அந்தப் புத்தி வீட்டிலும் போகாது.

அந்த வருடம் முதல் வாரம் எந்தப் புகாரும் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. இவருக்கு நைட் ஷிப்ட் வந்தது. நன்றாகத் தூங்கினேன் என்றார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சந்தேகம்தான் வந்தது. பதினோரு பிள்ளைகள் ஒரு முற்றத்தில் இருந்தும் சத்தமே இல்லையென்றால் என்ன அர்த்தம்?

தடயங்கள் மட்டும் கிடைத்தன. சில வீட்டுக் கதவில் தரையோடு ஒட்டி ஒரு சாக்பீஸ் வட்டம் போட்டிருக்கும். மறுநாள் அது வேறு வீட்டுக் கதவில் இருக்கும். இவருடைய பழைய கம்பெனிக் கையுறைகள், வெள்ளைப் பருத்தி நூலில் பின்னியவை, ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கோணிப்பை ஒன்று காணவில்லை. ஆரஞ்சுக் காதடைப்பான்கள் டப்பாவோடு மாயம்.

ஒவ்வொன்றுக்கும் பிறகு விடை கிடைத்தது. சாக்பீஸ் வட்டம் போட்ட வீட்டில் ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். தினமும் காலையில் அவரவர் அப்பாவின் ஷிப்ட் கேட்டு வட்டம் போடுவது ஷெரின் வேலை. கையுறைகளைக் காலுறைக்குள் திணித்துத் தைத்தால் கிரிக்கெட் பந்து. சுவரில் பட்டாலும் சத்தம் வராது. கோணிப்பையை விரித்து அதன்மேல் கல்லாங்காய். தாயக்கட்டைக்குப் பதில் புளியங்கொட்டை, அதையும் மடித்த துண்டின் மேல்தான் போட வேண்டும். காதடைப்பான்கள்தான் தாயக் காய்கள். வீட்டுக்குள் அட்டைப்பெட்டியில் லாரி, முற்றத்தில் மாங்காய்த் துண்டுக்கு உப்பு மிளகாய்; அதைக் கடித்துவிட்டு "ஸ்ஸ்" என்று உறிஞ்சுவதுகூட அவர்கள் சட்டப்படி குற்றம்.

பேச்சுக்குப் பதில் சைகை. இரண்டு விரலைக் கண்ணிமையில் வைத்தால் 'தூங்குகிறார்'. கண்ணுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை விரித்துக் காட்டினால் 'விழித்துவிட்டார், இனிக் கத்தலாம்'.

இதில் யாருமே திட்டமிடாத ஒரு நன்மை நடந்தது. அந்த வருடம்தான் ஒடிசாவிலிருந்து லிப்ஸாவின் குடும்பம் மூன்றாவது வீட்டுக்கு வந்திருந்தது. அவளுக்குத் தமிழும் வராது, கன்னடமும் வராது, தெலுங்கும் வராது. சத்தமான முற்றமாக இருந்திருந்தால் அந்தப் பெண் சுவரோரம் நின்றே விடுமுறையைக் கழித்திருப்பாள். இங்கே யாருக்குமே பேச்சு இல்லையே! இரண்டாம் வாரத்தில் அவள்தான் நடுவர். புதுச் சைகைகளில் பாதி அவள் கண்டுபிடித்தது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய பெண்

இதெல்லாம் எனக்குத் தெரியவந்த நாளைச் சொல்கிறேன். அன்று கம்பெனியில் கரண்ட் பிரச்சினை என்று இரண்டு மணிநேரம் முன்னதாக அனுப்பிவிட்டார்கள். மதியம் ஒரு மணி இருக்கும். சத்தமில்லாமல் போய்ப் பார்ப்போம் என்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தேன்.

நான் பார்த்தது இது. ஷெரின் முருங்கை மரத்தடியில் குனிந்து நிற்கிறாள். கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது. ஒரு கையால் மூக்கை இறுகப் பிடித்திருக்கிறாள். முகம் கருஞ்சிவப்பு. கண்ணில் தண்ணீர். அவளைச் சுற்றி நான்கு பிள்ளைகள் கையை விரித்து நிற்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவள் தொண்டையில் மாங்கொட்டை சிக்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஐயோ! புள்ள மூச்சு விடல! யாராச்சும் வாங்களேன்!"

நான் போட்ட கூச்சல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். முருங்கையில் இருந்த காக்கை பறந்தது. மூன்று கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன. மூன்று நைட் ஷிப்ட் ஆண்கள் லுங்கியைப் பிடித்தபடி ஓடிவந்தார்கள். அவர்களில் இவரும் ஒருவர். "ஏனாயித்து, ஏனாயித்து?" என்று மஞ்சுளா அக்கா கரண்டியோடு வந்து நின்றாள்.

ஷெரின் வாயிலிருந்த தண்ணீரைப் புளிச்சென்று துப்பினாள். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

"அம்மா! கபடிம்மா!"

அது கபடிதான். கபடியில் பாட்டு எதற்கு? மூச்சை விடவில்லை என்று காட்டத்தானே? பாட முடியாதபோது அதை எப்படிக் காட்டுவது என்று பிள்ளைகள் இரண்டு நாள் யோசித்திருக்கிறார்கள். வாயில் தண்ணீர், மூக்கில் கை. போனவள் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து அந்தத் தண்ணீரை முருங்கையடியில் ஒரு டம்ளரில் துப்பிக் காட்ட வேண்டும். தண்ணீர் குறைந்தால் அவுட். லிப்ஸா டம்ளரோடு நின்று அளந்துகொண்டிருந்தாள். தர ஆய்வில் பல வருடம் இருக்கிறேன். எனக்கு இந்த யோசனை வந்திருக்காது.

அன்று மாலை ஷெரின் என் முன்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்ற பத்துப் பேர்.

"அப்பா முழிச்சிட்டாரு. ஒரு தடவ கூடன்னு சொன்னீங்க இல்ல? கத்தனது யாரு?"

"நான்தான்."

"அப்போ நீங்கதான் பாரூர் போவணும். ஆறு மணிக்கு பஸ் இருக்குது."

இவர் அன்று சிரித்த சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. நான் பாரூர் போகவில்லை. அபராதமாகப் பதினோரு பேருக்கும் பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். ஆனால் சட்டம் அப்படியே நீடித்தது. அடுத்த கோடையிலும், அதற்கடுத்த கோடையிலும் அந்த முற்றத்தில் சத்தம் இல்லை.

வாய் திறக்காத பாட்டு

விளைவு என்ன என்பதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் சபைதான். மே மாதத்தில் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். பிள்ளைகள் கையைக் காலை ஆட்டிப் பாடுகிற பாட்டுகள், கலர் பென்சில், கடைசி நாள் பிரியாணி. அங்கே போனால் கூரை அதிரும்.

ஷெரின் எல்லா அசைவையும் எல்லாரையும்விட அழகாகச் செய்தாள். வாய் மட்டும் மூடியிருந்தது. "ஏன் ஸ்டெல்லா, புள்ளைக்குப் பல்லு வலியா?" என்று சொல்லிக்கொடுக்கும் அக்கா என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டுப் போய்விட்டார். நானும் வெட்கப்படுகிறாள் என்று விட்டுவிட்டேன். ஒரு வால்வில் இப்படியொரு குறை தெரிந்திருந்தால் அன்றே தனியாக எடுத்து வைத்திருப்பேன். சொந்தப் பிள்ளையிடம் கோட்டைவிட்டேன் என்று இன்றுவரை எனக்கு வருத்தம் உண்டு.

முகாமில் அவளை எடுத்ததே மூச்சுக்காகத்தான். அவ்வளவு நேரம் மூச்சைக் கட்டும் பெண்ணைப் பார்த்ததில்லை என்று பயிற்சியாளர் சொன்னார். பாட்டு தானாக வரும் என்று அவரும் நினைத்துவிட்டார்.

மறுபடியும் மைதானம்

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. ஷெரின் இடுப்பில் கையை வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழுதட்டைக் கடித்திருந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும். அடக்குவதில் அவளுக்குப் பயிற்சி அதிகம். பயிற்சியாளர் பெஞ்சில் இருந்த வேறொரு பெண்ணை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, "கடைசி சான்ஸ்" என்று ஷெரினிடம் விரலைக் காட்டினார்.

இவர் அன்று நைட் ஷிப்ட் முடித்து, வீட்டுக்கே வராமல், கம்பெனிச் சட்டையோடு நேராக எங்களோடு பஸ் ஏறி வந்திருந்தார். புங்க மரத்தடியில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஷெரின் கோட்டருகே போனாள். போகும்போது எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பினாள்.

இவர் எழுந்தார். கயிறுவரை வந்தார். கண்ணுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அது பிள்ளைகளின் சைகை. பெரியவர்கள் யாருக்கும் அவர்கள் சொல்லிக்கொடுத்ததில்லை. நானே லிப்ஸாவிடம் கெஞ்சித்தான் தெரிந்துகொண்டேன். ஷெரின் அப்படியே நின்றுவிட்டாள்.

"கத்து பாப்பா!" என்றார் இவர். வீட்டில் குரலை உயர்த்தியே பேசாத மனிதர். "நல்லா கத்து! அப்பா முழிச்சினுதான் இருக்கேன்!"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

ஷெரின் வாயைத் திறந்தாள். முதலில் வந்தது கபடி இல்லை, ஒரு கீச்சல். பிறகு வந்தது. "கபடி கபடி கபடி கபடி" என்று உடைந்த குரலில், ராகம் தாளம் இல்லாமல், மைதானத்தின் அந்தக் கோடிவரை. உள்ளே போனாள். ஒருத்தியின் தோளைத் தொட்டாள். இன்னொருத்தி காலைப் பிடித்தாள், ஷெரின் அவளையும் இழுத்துக்கொண்டே வந்தாள். கோட்டில் விரல் பட்ட பிறகும் பாட்டை நிறுத்தவில்லை. நடுவர் இரண்டு விரல் காட்டிய பிறகும் நிறுத்தவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

பன்னிரண்டு பெயர்களில் அவள் பெயர் பதினொன்றாவதாக வாசிக்கப்பட்டது. பதினொன்றோ பன்னிரண்டோ, எங்களுக்கு என்ன!

திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேர் சீட் கிடைத்தது. ஜன்னலோரம் இவர், நடுவில் ஷெரின், இந்தப் பக்கம் நான்.

"அந்தச் சைகை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஜன்னல் வழியா பாத்ததுதான். பன்னெண்டு மணிக்கு மேல எனக்கு எங்க தூக்கம் வந்துச்சி? சத்தமே இல்லியே, என்னா பண்ணுதுங்கன்னு பாப்பேன். எந்திரிச்சி வந்தா ஆட்டத்த நிறுத்திடுவாங்கன்னு அப்பிடியே படுத்துனு கெடப்பேன்."

"எத்தினி நாளு?" என்றேன்.

"தெனமும்தான்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டது.

ஷெரின் மெதுவாக ஆரம்பித்தாள். கபடி கபடி கபடி. பழகிக்கொள்கிறாளாம். குருபரப்பள்ளி தாண்டியதும் சத்தம் கூடியது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் பழக்கதோஷத்தில் இரண்டு விரலைக் கண்ணிமையில் வைத்துக் காட்டினேன். அவள் அப்பாவை ஒருமுறை பார்த்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு இன்னும் சத்தமாகப் பாடினாள்.

இதுவும் நடிப்பாக இருக்குமோ என்று நான் இவர் பக்கம் குனிந்து பார்த்தேன். குறட்டை வந்துகொண்டிருந்தது. சூளகிரி வந்தது, போனது. அவர் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் பாடிக்கொண்டே வந்தாள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நான் தோளைத் தட்டி எழுப்பும்வரை இவர் அசையவே இல்லை.